கன்னக்காரரும் கழுத்துக்காரரும்

அந்தக் கடையில் சவரம் செய்துகொள்ள உட்காருகிறவர் ஒரே முகத்தை இரண்டு பேரிடம் ஒப்படைக்க வேண்டும். தாடை எலும்புக்கு மேலே உள்ளதெல்லாம் தம்பியின் பாகம். கீழே உள்ளது அண்ணனுக்கு. தம்பி நுரை போட்டு, இரண்டு கன்னங்களையும் மேலுதட்டையும் மோவாயையும் முடித்து, கத்தியைத் துடைத்து மடக்கிக்கொண்டு ஒதுங்குவார். அண்ணன் தன் கத்தியைத் தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்துத் தீட்டிக்கொண்டு வந்து கழுத்தில் இறங்குவார். தெருவில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தம்பி கன்னக்காரர். அண்ணன் கழுத்துக்காரர்.

புதிதாக வருகிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. கன்னம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று பாதி நுரையோடு எழுந்தவர்களும் உண்டு. இரட்டைத் தாடைக்காரர் யாராவது வந்தால், எல்லைத் தகராறுக்கு ஆள் வந்தாச்சு என்று பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை அண்ணன் தம்பிக்குள் ஏதோ மனஸ்தாபம். கழுத்துக்காரர் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். நாற்காலியில் இருந்த பஸ் கண்டக்டர் மேலே மழமழவென்றும் கீழே காடாகவும் டூட்டிக்குப் போனார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கதையை அவர் விடவில்லை. சொல்லச் சொல்ல அந்தக் கழுத்து முடி நீண்டுகொண்டே போகிறது.

ஏன் இந்த ஏற்பாடு என்று கேட்டால் பெஞ்சில் இருக்கும் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லுவார்கள். இவர்களுடைய அப்பா கடையை நடத்திய காலத்தில், சின்னவர் ஒரு இரும்புக் கடைக்காரரின் கழுத்தில் வெட்டிவிட்டார். அன்றோடு அப்பா அவர் கையிலிருந்து கழுத்தைப் பிடுங்கிப் பெரியவரிடம் கொடுத்துவிட்டார். இதைச் சொல்லும்போது கன்னக்காரர் பக்கத்திலேயே நின்று நுரை அடித்துக்கொண்டிருப்பார். தலை குனிந்திருக்கும். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கழுத்துக்காரரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர் அவர்தான். வெட்டியது அவர் கை.

கழுத்துச் சவரம் கன்னத்தைப் போல இல்லை. கன்னத்துக்கு அடியில் எலும்பு இருக்கிறது, கத்திக்கு ஒரு தாங்கல். கழுத்துக்கு அடியில் இருப்பது ஆளுடைய உயிர். முடியும் அங்கே சொன்ன பேச்சுக் கேட்காது. காதுக்குக் கீழே ஒரு பக்கம் சாயும், குரல்வளைக்குப் பக்கத்தில் சுழித்துக்கொண்டு வேறு பக்கம் போகும். அதனால் அப்பா தன் அப்பாவிடம் கற்ற முறையை மாற்றாமல் வைத்திருந்தார். முதலில் ஈரமில்லாத விரலால் தடவி முடி சாயும் திசையைப் பார்க்க வேண்டும். ‘எச்சில் முழுங்கிக்கோங்க’ என்று சொல்லி, முழுங்கிய பிறகே கத்தியை வைக்க வேண்டும். குரல்வளையின் மேட்டில் கத்தி ஏறவே கூடாது. அங்குள்ள தோலைப் பக்கவாட்டில் இழுத்துச் சமதளத்துக்குக் கொண்டுவந்து வழிக்க வேண்டும். முதல் வழிப்பு முடியின் போக்கில். பிறகு கத்தியை மறுபடி வாரில் தீட்டி, புது நுரை போட்டு, அப்புறம்தான் எதிர்வழிப்பு. கத்தி கழுத்தில் இருக்கும்போது கடையில் யாரும் பேசக் கூடாது. தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்ம வேண்டும்.

அண்ணனும் தம்பியும் அப்போது மீசை முறுக்கும் வயதுக்காரர்கள். தொழிலில் இருவருமே கழுத்து வரைக்கும் வந்துவிட்டார்கள். ஒருநாள் அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது பெரியவர் காதில் விழுந்தது. “சின்னவனுக்குக் கை பூ மாதிரி. இனிமே கழுத்தையெல்லாம் அவன்கிட்டயே விட்டுடலாம்னு இருக்கேன்.” பெரியவருக்கு வயிறு எரிந்தது. தனக்குப் பின்னால் பிறந்தவன், தான் தூக்கி வளர்த்தவன், தன்னை விட்டுவிட்டு மேலே போகிறானா என்ற எரிச்சல்.

சில நாள் கழித்து அப்பா மூக்குக் கண்ணாடியைச் சரி பண்ண வெளியே போயிருந்தபோது இரும்புக் கடைக்காரர் வந்தார். ஆள் பருமன். கழுத்தில் மடிப்பு மேல் மடிப்பு. அந்த மாதிரி கழுத்துக்கு ஒரு ஆள் தோலை இழுத்துப் பிடிக்க, இன்னொரு ஆள் வழிக்க வேண்டும். “நான் வழிக்கறேன். நீ பிடி” என்றார் பெரியவர். சின்னவர் பிடித்தார். கடைக்காரர் கண்மேல் சூடான துண்டைப் போட்டுக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தார்.

போக்கு வழிப்பு நன்றாகவே போயிற்று. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்பா திரும்பி வந்து தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று பெரியவருக்குத் தோன்றியது. அப்பா வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். கத்தியை வாரில் தீட்டவில்லை. புது நுரை போடவில்லை. காய்ந்துகொண்டிருந்த தோலில் கத்தியைத் திருப்பி எதிர்வழிப்பு போட்டார். மழுங்கிய முனை முடியில் மாட்டி, இடறி, மடிப்பின் ஓரத்தில் இறங்கிவிட்டது. வெள்ளைத் துணியில் ரத்தம். கடைக்காரர் அலறினார். பெரியவர் கத்தியைத் தம்பி கையில் திணித்துவிட்டுப் படிகாரம் எடுக்க உள்ளே ஓடினார்.

அவர் படிகாரக் கட்டியோடு வந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். தம்பி கையில் கத்தி.

“என்னடா இது?” என்றார் அப்பா.

“என் தப்புதான்ப்பா” என்றார் சின்னவர்.

பெரியவர் படிகாரத்தை நீட்டினார். வாயைத் திறக்கவில்லை. வாங்கி வைத்து அழுத்திய அப்பா, ரத்தம் நின்றதும் திரும்பிப் பார்க்காமலே சின்னவரிடம், “இனி கழுத்துப் பக்கம் நீ போக வேணாம்” என்றார். காயத்துக்கு ஒரு சின்னக் கட்டு போதுமாக இருந்தது. அது ஆறியும் போயிற்று. ஆனால் தீர்ப்பு மாறவில்லை. பிள்ளையைக் கடையை விட்டு அனுப்ப மனசு வராமல் அப்பா முகத்தையே பாகம் பிரித்துக் கொடுத்தார்.

அன்று இரவே சொல்லிவிடலாம் என்று நினைத்தவர்தான் கழுத்துக்காரர். பிறகு நாளைக்கு என்றார். பிறகு அப்பா கோபம் தணியட்டும் என்றார். பிறகு கல்யாணம், குழந்தை குட்டி, தலை நரை. தள்ளிப்போடுவதற்குக் காரணமா கிடைக்காது. ஒரு காரணம் தீர்ந்தால் அடுத்தது வரிசையில் நிற்கும்.

மனசாட்சியை அவர் ஒரு விதத்தில் ஏமாற்றி வைத்திருந்தார். தம்பிக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் எண்ணம். தெரிந்தேதான் ‘என் தப்பு’ என்று பழியை ஏற்றுக்கொண்டான், தெரிந்தேதான் இத்தனை காலமும் வாய் திறக்கவில்லை, நம்மை எப்போதோ மன்னித்துவிட்டான். அப்படி நினைத்துக்கொண்டால் சாப்பாடு இறங்கும். அதற்குப் பதிலாக மின்விசிறி நேராக இருக்கும் பக்கத்தைத் தம்பிக்கு விட்டார். முதல் டம்ளர் டீ தம்பிக்கு. வீட்டில் காற்று வரும் அறை தம்பி குடும்பத்துக்கு. அவர் மனைவிக்கு இது புரியவே இல்லை. “தம்பியைத் தாங்குறதுல பாதியாவது என்னைத் தாங்கினா என்ன” என்று கேட்பார். கழுத்துக்காரர் கேட்காத மாதிரி இருப்பார்.

வாரம் ஒருநாள் மட்டும் அவரால் தப்பிக்க முடியாது. கன்னக்காரர் தன் கன்னத்தைத் தானே வழித்துக்கொள்வார். தன் கழுத்தைக்கூட அவர் தொடுவதில்லை. அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, அண்ணனிடம் கழுத்தை நீட்டுவார். அந்தக் கழுத்தில் கத்தியை வைக்கும் ஒவ்வொரு முறையும் கழுத்துக்காரருக்கு நாக்கு வறண்டுபோகும். எச்சில் முழுங்கச் சொல்வது தம்பியை, முழுங்குவது இவர்.

அப்பா படுக்கையில் விழுந்தபோதும் அதே பாகப் பிரிவினைதான். தம்பி கட்டிலருகே உட்கார்ந்து கன்னத்தை வழித்து முடித்தார். அப்பா கண்ணைத் திறக்காமலே, “கழுத்தையும் நீயே பாரு” என்றார். தம்பி கத்தியை மடக்கினார். “வேணாம்ப்பா. அண்ணன் பார்க்கட்டும்.” அப்பா மறுபடியும், “பாருடா” என்றார். தம்பி எழுந்து தள்ளிப் போய்விட்டார். கழுத்துக்காரர்தான் வழித்தார். சாகப்போகிற மனுஷன் இறங்கி வந்து கேட்கிறார், இவன் இன்னும் வீம்பு பிடிக்கிறானே என்று அப்போது அவருக்குத் தம்பிமேல் கோபம்கூட வந்தது. அடுத்த சவரத்துக்கு அப்பா இல்லை.

இவ்வளவு காலமும் ஓடிய வண்டி ஒரு கட்டைவிரலால் நின்றது. கழுத்துக்காரரின் வலது கட்டைவிரல் மூட்டு இறுக ஆரம்பித்தது. வெந்நீரில் முக்கினால் கொஞ்ச நேரம் மடங்கும், பிறகு மரத்துப்போகும். ஒரு நாள் காலை கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் நாற்காலியில் இருந்தார். காதுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது கத்தி கையில் லேசாகத் திரும்பியது. தோலில் படவில்லை. வந்தவர் எதையும் உணரவில்லை, கண்ணாடியில் தன் அழகைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். கழுத்துக்காரர் மட்டும் கத்தியை மடக்கி வைத்துவிட்டு, அடுத்தவரை மதியத்துக்கு மேல் வரச் சொன்னார்.

மதியம் சாப்பாட்டுக்குக் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்ட பிறகு தம்பியிடம் சொன்னார்.

“இந்த விரல் இனிமே ஆகாது போல. கழுத்தை நீ எடுத்துக்கோ.”

கன்னக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். “வேற ஆள் வச்சுக்கலாம்ண்ணே.”

“ஆள் எதுக்கு? நீ இருக்கியே.”

“என் கையை வச்சுக்கிட்டா? அதான் அன்னைக்கே தெரிஞ்சுபோச்சே. தோலை ஒழுங்கா இழுத்துப் பிடிக்கத் தெரியல. நான் கொஞ்சம் தளர்த்திட்டேன், உன் கத்தி மடிப்புல போய் இறங்கிருச்சு. அந்த மனுஷன் கத்தினது இன்னும் என் காதுல இருக்கு.”

கழுத்துக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நீ பாவம்ண்ணே” என்றார் தம்பி, சோற்றைப் பிசைந்தபடி. “கத்தி உன் கையில இருந்ததுன்னு அப்பாகிட்ட நான் சொல்லவே இல்ல. சொன்னா உன்னையும் சேர்த்து ஒதுக்கிடுவாரு. பிடிச்ச கை என்னோடது. நீ என்ன பண்ணுவ?”

ஆக, தம்பிக்குத் தெரியாது. பிடித்த தோலிலேயே கண்ணாக இருந்தவர், கத்தி வாருக்குப் போகாததைக் கவனிக்கவே இல்லை. மன்னித்த தம்பி என்று ஒருவர் இருந்ததே இல்லை. இத்தனை வருஷமாகச் செய்யாத தப்பைச் செய்ததாக நம்பிக்கொண்டு, அதற்காகக் கூனிக் குறுகி நின்ற ஒரு ஆள்தான் இருந்தார். பெஞ்சில் இருப்பவர்கள் கதை சொல்லும்போது அந்தத் தலை குனிந்தது பெருந்தன்மையால் அல்ல, வெட்கத்தால். கழுத்துக்காரர் தனக்குத் தானே கட்டிவைத்திருந்த சமாதானம் ஒரே கவளத்தில் இடிந்து விழுந்தது.

அப்போதாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. “அதெல்லாம் பழைய கதைடா. நானே மறந்துட்டேன்” என்றார். சொன்ன மறுநிமிஷமே தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. தான் செய்த தப்புக்குத் தம்பியை மன்னிக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “முதல்ல என் கழுத்துல பாரு. சரியா வரலேன்னா வேற ஆள் தேடலாம்.”

அண்ணன் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் கன்னக்காரர் துணியைக் கட்டினார், நுரை அடித்தார். கத்தியை வாரில் தீட்டினார். விரலைத் துடைத்துக்கொண்டு அண்ணன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். “எச்சில் முழுங்கிக்கோ” என்றார். இடது காதுக்குக் கீழே முதல் வழிப்பு இறங்கியது. கனமே தெரியவில்லை. அப்பா சொன்ன பூ அப்படியே இருந்தது.

குரல்வளைக்குப் பக்கத்தில் வந்ததும் தோலை இழுத்துப் பிடிக்கும் இடது கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடியில் அது நன்றாகத் தெரிந்தது. கன்னக்காரர் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். மறுபடியும் நடுங்கியது.

“முடியலண்ணே. வழுக்கிரும்னு பயமா இருக்கு. நீயே முடிச்சுக்கோ.”

“அன்னைக்கு வழுக்கல” என்றார் கழுத்துக்காரர்.

“பேசாதே. கத்தி இருக்கு.”

“இருக்கட்டும். நீ நல்லாத்தான் பிடிச்சிருந்த. தோல் விறைப்பா இருந்தது. நான்தான் வார்ல தீட்டாம, நுரை போடாம, எதிர்வழிப்பு போட்டேன். கத்தி மாட்டிருச்சு. அப்பா கழுத்தை உன்கிட்ட குடுக்கப் போறாருன்னு எனக்குப் பொறாமை. நீ என் தப்புன்னு சொன்னதும் நான் பேசாம இருந்துட்டேன். எனக்காகத்தான் நீ அப்படிச் சொன்னேன்னு நினைச்சேன்டா. உனக்குத் தெரியும்னே நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

கத்தி தொண்டைக்கு ஒரு விரல்கடை தள்ளி அப்படியே நின்றது. வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தி, கதவு பாதி மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கழுத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு அறை விட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

அறை விழவில்லை. தம்பி நகரும் சத்தம் கேட்டது. கத்தி வாரில் போய்வந்தது, நாலு இழுப்பு. காய்ந்த நுரையைத் துடைத்துவிட்டுப் புது நுரை வந்தது. இடது கை தோலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தது. நடுக்கம் இல்லை. போக்கு வழிப்பு முடிந்து, மறுபடி தீட்டி, எதிர்வழிப்பும் முடிந்தது. ஒரு கீறல் இல்லை. கன்னக்காரர் கத்தியை மடக்கிவிட்டுச் சொன்னார்:

“நாளைலேர்ந்து நீ கன்னத்தைப் பாரு.”

சாயங்காலம் தனியாகவே வீட்டுக்கு நடந்து போனார். கழுத்துக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் தண்டனை நியாயமாகத்தான் இருக்கிறது என்று ஒரு சின்ன நிம்மதி மூலையில் எட்டிப் பார்த்தது. அதை நினைத்தும் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற கண்டக்டர். பெரியவர் நுரைக் கிண்ணத்தோடு வருவதைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“என்னங்க இது, ரூட்டை மாத்திட்டீங்க?”

பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். பக்கத்துத் தையல்காரரும் இருந்தார். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கழுத்துக்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “இரும்புக் கடைக்காரர் கழுத்துல வெட்டினது நான்தாங்க. இவன் இல்ல. பழியை இவன்மேல விட்டுட்டேன்.”

கண்டக்டர் கடகடவென்று சிரித்தார்.

“பார்த்தீங்களாய்யா. தம்பிக்குக் கழுத்தைக் குடுக்கணும்னு தன்மேல பழியைப் போட்டுக்கறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?”

“நிஜமாத்தாங்க சொல்றேன்.”

“விடுங்க, விடுங்க. நாங்க கண்ணால பார்க்காட்டியும் காதால கேட்டவங்க. கன்னக்காரரே, இப்படி ஒரு அண்ணன் கிடைக்க நீர் குடுத்து வச்சிருக்கணும்.”

தையல்காரர் தலையாட்டினார். பெஞ்சில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுத்துக்காரர் மறுக்க மறுக்க அவர் இன்னும் பெரிய மனிதராகிக்கொண்டே போனார். கடைசியில் கண்ணாடியில் தம்பி முகத்தைப் பார்த்தார். நீயாவது சொல்லேன், உண்மைதான் என்று ஒரு வார்த்தை சொல்லேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

கன்னக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் விரலை வெந்நீரில் முக்கி முக்கிக் கன்னத்தை முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு வந்து, கண்டக்டரின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். “எச்சில் முழுங்கிக்கோங்க. இனிமே பேசாதீங்க” என்றார். கடை அடங்கியது. வேலை முடிந்ததும் கண்டக்டர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்து, தடவிப் பார்த்து, ஒன்றும் சொல்லத் தோன்றாமல் போனார். அந்தத் தெருவில் அவர் வாயடைத்துப் போனது அதுதான் முதல் தடவை.

அடுத்தவர் எழுந்து வருவதற்கு முன் தம்பி அண்ணன் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கழுத்துக்காரர் தாங்கியிருப்பார்.

“படுக்கையில கிடந்தப்போ அப்பா கேட்டாரே அண்ணே. ரெண்டு தடவை கேட்டாரே.”

அடுத்தவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டு நுரை அடிக்க ஆரம்பித்தார்.